மலைக்கு யார் பிரதிநிதி?

நம் இலக்கியச் சூழலில் “எனக்கு அரசியல் கிடையாது” என்று சொல்வதற்கு நெடுங்காலமாகவே ஒரு மரியாதை இருந்துவருகிறது. இயக்கம், அமைப்பு, மன்றம், அறக்கட்டளை ஆகியவை கௌரவமான சொற்கள்; கட்சிக்காரன் என்பது ஏறக்குறைய வசைச்சொல். மரம் வெட்டப்படுவதை எதிர்த்து விண்ணப்பத்தில் கையெழுத்திடுவோம். நீதிமன்றம் நல்லதொரு தீர்ப்பை வழங்கினால் அதைப் பாராட்டி நான்கு பக்கம் எழுதுவோம். அதே மரத்துக்காக ஒரு கட்சியின் கிளைக் கூட்டத்தில் போய் உட்காரும்படி யாராவது சொன்னால் முகம் சுளிப்போம். இந்த முகச்சுளிப்பால் நாம் இழந்தது ஏராளம் என்பதே என் தரப்பு. அந்த இழப்பின் கணக்கைப் பார்க்கப் பழனி மலைத்தொடரையும் கொடைக்கானலையும்விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறில்லை.

ஏனென்றால் அங்கே குடிமக்கள் சும்மா இருக்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி 36,501 பேர் மட்டுமே வாழ்ந்த அந்தச் சிறு நகரத்திலிருந்து எழுந்த புகார்களில் ஒன்று, பதவியிலிருந்தபோது பிறப்பிக்கப்பட்ட அரசாணைக்காக ஒரு முன்னாள் முதலமைச்சரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. இன்னொன்று, உலகின் மிகப் பெரிய நுகர்பொருள் நிறுவனங்களுள் ஒன்றைத் தன் முன்னாள் தொழிலாளரோடு உடன்படிக்கை செய்துகொள்ள வைத்தது. ஒரு பெருநகரம்கூட இத்தகைய பட்டியலைப் பெருமையோடு காட்டும். அப்படியிருந்தும் மலை ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறது? வழக்குகளில் வென்றவர்கள் வாழ்விடத்தை ஏன் காக்க முடியவில்லை? இந்தக் கேள்விக்கு “அரசியல்வாதிகள் கெட்டவர்கள்” என்ற ஒற்றை விடையைத்தான் நாம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த விடை போதாது.

1. ஏழு தளங்கள்

பழனி மலைகள் பாதுகாப்பு மன்றம் 1985இல் தொடங்கப்பட்டது. மலைத்தொடரின் காடு, நீர், கட்டட ஒழுங்கு ஆகியவை குறித்து அக்கறை கொண்ட, படித்த, தொடர்புகள் உள்ள மனிதர்களின் அமைப்பு. பாடநூல்கள் ‘அழுத்தக் குழு’ என்று வரையறுப்பதற்கு நல்ல உதாரணம். தேர்தலில் நிற்பதில்லை, பதவியைக் கேட்பதில்லை, ஆனால் பதவியில் இருப்பவர்களின் முடிவை மாற்ற முயலும்.

1990களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் பிளசண்ட் ஸ்டே என்ற விடுதி எழும்பியது. விதிகளின்படி இரண்டு தளங்களுக்கு மட்டுமே இடமிருந்தது, எழுந்தவை ஏழு. மன்றம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1994இல் அன்றைய அ.இ.அ.தி.மு.க. அரசு அந்த விடுதிக்கு விதிவிலக்கு அளித்து அரசாணை பிறப்பித்தது. உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் அரசாணை பிழைக்கவில்லை. ஓர் அழுத்தக் குழு இதைவிடப் பெரிய வெற்றியைக் கனவு காண முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். 1996இல் ஆட்சி மாறியது. விதிவிலக்கு குற்றவியல் வழக்காயிற்று. 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அன்றே தமிழகமெங்கும் கலவரம். தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா சென்றுகொண்டிருந்த வேளாண் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்து கொளுத்தப்பட்டது. மூன்று மாணவியர் உயிரோடு எரிந்தனர். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை அந்த வழக்கிலிருந்து விடுவித்தது. பேருந்தை எரித்த வழக்கில் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2016இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2018இல் மூவரும் விடுதலை ஆனார்கள்.

ஒரு மலையூரில் கட்டடம் எத்தனை தளம் இருக்கலாம் என்பதுதான் தொடக்கத்தில் கேட்கப்பட்ட கேள்வி. கட்சிகளின் கைக்குப் போனதும் கேள்வி உருமாறிவிட்டது. ஒரு கட்சிக்கு அது எதிரியை வீழ்த்தும் ஆயுதம். இன்னொரு கட்சிக்குத் தலைவிக்கு இழைக்கப்பட்ட அவமானம். மலைச்சரிவில் ஏழு தளம் ஏன் கூடாது என்பதைத் தன் சொந்தத் தொண்டனுக்கு விளக்கிச் சொல்லும் வேலையை இரண்டும் செய்யவில்லை. தருமபுரியில் தீ வைத்தவர்களுக்குக் கொடைக்கானலில் அந்த விடுதி எங்கே இருக்கிறது என்பதாவது தெரிந்திருக்குமா?

இதற்காகக் கட்சிகளைத் தாராளமாகக் கண்டிக்கலாம். ஆனால் அந்த வெற்றிடத்தை உண்டாக்கியதில் நமக்கும் பங்குண்டு. அக்கட்சிகளுக்குள் மலையின் தரப்பைப் பேச ஆளில்லை. பேசக்கூடியவர்கள் எல்லோரும் வெளியே, நீதிமன்ற வாசலில் நின்றார்கள். விளைவு என்ன? 1993ஆம் ஆண்டின் பெருந்திட்டம் பெயரளவில் இருக்க, அதை மீறிய கட்டடங்கள் ஊரெங்கும் முளைத்தன. 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விடுதிகளுக்கும் கட்டடங்களுக்கும் வரிசையாகச் சீல் வைக்கும் நிலை வந்தது. தீர்ப்பு ஒரு கட்டடத்தைக் கட்டுப்படுத்தும். ஊரைக் கட்டுப்படுத்த நகர்மன்றம் வேண்டும். நகர்மன்றத்தைக் கட்டுப்படுத்த வாக்காளர் வேண்டும்.

2. பாதரசம்

இரண்டாவது கதை இன்னும் கசப்பானது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து இடம்பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்தின் பெயரில். பின்னர் அந்நிறுவனத்தையே யூனிலீவர் வாங்கியதால் இந்துஸ்தான் லீவரின் கையில். உற்பத்தி பெரும்பாலும் ஏற்றுமதிக்கே. பாம்பாறு சோலைக்கு மேலே, தண்ணீர் கீழ்நோக்கிப் பெரியகுளம் பக்கம் ஓடும் விளிம்பில் ஆலை. 2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய சாமான் கிடங்கு ஒன்றில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பது வெளிவந்தது. பழனி மலைகள் பாதுகாப்பு மன்றம், கிரீன்பீஸ், ஊர்மக்கள், தொழிலாளர்கள் எனப் பலரும் திரண்டார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. ஓர் ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு நச்சுக்கழிவு திரும்பிய அந்தக் காட்சி உலகில் அபூர்வமானது.

தொழிலாளர்களின் உடல்களுக்குள் போன பாதரசம் கப்பலேறவில்லை. முன்னாள் பாதரசத் தொழிலாளர்கள் தமக்கென்று நலச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. நிறுவனம், உடல்நலக் கேடுகளுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று கடைசிவரை மறுத்தது. நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு போதிய ஆதாரமில்லை என்றது. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் குழு பாதிப்பு உண்டு என்றது. 2015இல் சென்னையைச் சேர்ந்த பாடகி சோபியா அஷ்ரப்பின் காணொளிப் பாடல் ஒன்று உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களையும் அவர்களது குடும்பங்களையும் உள்ளடக்கிய உடன்படிக்கை கையெழுத்தானது. தொகை வெளியிடப்படவில்லை.

ஆலை மூடப்பட்டதிலிருந்து உடன்படிக்கை வரை 15 ஆண்டுகள். இந்தக் காலத்தில் மூன்று சட்டமன்றத் தேர்தல்களும் மூன்று மக்களவைத் தேர்தல்களும் நடந்தன. இரு பெரிய கட்சிகளும் முறைவைத்து ஆண்டன. எந்தத் தேர்தலிலும் இந்தத் தொழிலாளர்கள் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் கேள்வியாக ஆகவில்லை. ஒரு ராப் பாடல் செய்ய முடிந்ததை ஒரு சட்டமன்றத் தொகுதி செய்யவில்லை என்றால், அந்தப் பாடலைக் கொண்டாடும் அதே வேளையில் தொகுதியைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாமா?

ஆலை வளாகத்தின் மண்ணை எந்த அளவுக்குத் தூய்மை செய்வது என்பது அடுத்த கேள்வி. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவுகோலை அதிகாரிகள் ஏற்றார்கள். சூழலியலாளர்கள் அதைவிடக் கடுமையான அளவுகோலைக் கோரினார்கள். இதை அறிவியல் கேள்வி என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். எவ்வளவு பாதரசம் மண்ணில் இருக்கிறது என்பது அறிவியல். எவ்வளவு இருக்கலாம் என்பதும், மீதியை எடுக்கும் செலவை யார் சுமப்பது என்பதும் முழுக்க அரசியல். அந்த அரசியல் கேள்வியை வாரியத்திடமும் வல்லுநர்களிடமும் தீர்ப்பாயத்திடமும் ஒப்படைத்தோம். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்களின் தேர்தல் மேடைகளில் 20 என்ற எண் ஒருபோதும் சூடான எண்ணாக மாறவில்லை.

3. ஏன் இப்படி ஆகிறது?

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மான்சர் ஓல்சன் 1965இல் எழுதிய கூட்டுச்செயல் பற்றிய நூலில் ஓர் எளிய உண்மையைச் சுட்டினார். பெரும் பயன் சிலருக்கே கிடைக்கும்போது அந்தச் சிலர் உடனே ஒன்றுசேர்வார்கள். சிறு பயன் பல்லாயிரம் பேருக்குப் பிரிந்து கிடக்கும்போது யாரும் ஒன்றுசேர மாட்டார்கள். கூடுதல் ஐந்து தளங்களால் கிடைக்கும் லாபம் ஒரு முதலாளிக்கு உரியது. அவர் தலைமைச் செயலகம் வரை நடப்பார். ஐந்து தளங்களால் வரும் கேடு லட்சம் பேருக்குச் சிறு சிறு துளிகளாகப் பிரிகிறது. ஒரு துளிக்காக யார் வேலையை விட்டு நடப்பார்கள்? இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யத்தான் கட்சி என்ற அமைப்பு வேண்டியிருக்கிறது. சிதறிக் கிடக்கும் துளிகளைத் திரட்டி வாக்காக மாற்றும் கருவி மனிதகுலத்திடம் இதுவரை அது ஒன்றுதான்.

நம்முடைய அமைப்பில் அந்தக் கருவி மூன்று இடங்களில் முறிந்துகிடக்கிறது.

முதலாவது, தொகுதி. 2008 மறுசீரமைப்புப்படி கொடைக்கானல் வட்டம் பழனி சட்டமன்றத் தொகுதிக்குள் அடங்கும். அதில் மலையின் வாக்குகள் சிறுபான்மை. மலைக்காரர்களைச் சந்திக்காமலேயே ஒருவர் மலையின் உறுப்பினராகிவிட முடியும்.

இரண்டாவது, கட்சித் தாவல் தடைச் சட்டம். பழனி மலைகள் பாதுகாப்பு மன்றம் பிறந்த அதே 1985இல்தான் இந்தச் சட்டமும் பிறந்தது. ஆட்களை விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம், உறுப்பினரின் வாக்கை முழுவதுமாகக் கட்சிக் கொறடாவின் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டது. தொகுதி மக்கள் தம் உறுப்பினரை எவ்வளவு நெருக்கினாலும் அவர் கட்சியின் ஆணையை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும். ஆகவே உறுப்பினரை நெருக்குவதில் பயன் குறைவு. கட்சிக்குள் முடிவெடுக்கப்படும் இடத்தை எட்டியாக வேண்டும். அந்த இடத்தை எட்ட இரண்டு பாதைகள்தான் உண்டு. ஒன்று பணம், மற்றது உட்கட்சி எண்ணிக்கை. நாம் இரண்டாவதைக் கைவிட்டுவிட்டு முதலாவதைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். 2018இல் வந்த தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் செல்லாது என்று அறிவித்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். சரி. பணத்தின் ஒரு கதவு மூடப்பட்டது. ஆட்கள் நுழையவேண்டிய கதவில் யார் நிற்கிறோம்?

மூன்றாவது, உள்ளாட்சி. தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களின் ஆட்சி. 2018இல் மலையெங்கும் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நீலத்தைப் பார்க்க எழுத்தாளர்களும் கவிஞர்களும் வண்டி பிடித்து ஏறினோம், எழுதிக் குவித்தோம். அந்த ஆண்டு கொடைக்கானலில் மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்றமே கிடையாது என்பதை எத்தனை பேர் எழுதினோம்? மறு ஆண்டு கட்டடங்களுக்குச் சீல் வைக்கப்பட்டபோது, தன் வார்டு உறுப்பினரிடம் போய் முறையிட ஊராருக்கு உறுப்பினரே இல்லை. ஊராட்சிகளின் கதையும் வேறல்ல. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்களே வந்து அமர்ந்தார்கள்.

4. அழுத்தக் குழுக்களில் யாருடைய குரல்?

இதுவரை சொன்னதைக் கேட்டு, “கட்சி வேண்டாம், அழுத்தக் குழுக்களை வலுப்படுத்துவோம்” என்று நண்பர்கள் முடிவுக்கு வரக்கூடும். அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது.

கொடைக்கானல் என்ற ஊரே ஒரு குழுவின் நலனுக்காக உருவானது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தப்பி 1845இல் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அன்று தொட்டு அந்த ஊருக்காகப் பேசும் உரிமை பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்களிடமே இருந்துவந்திருக்கிறது. இன்று மலைக்காகப் பேசுகிறவர்களின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மனு எழுதவும், வழக்கறிஞரை அமர்த்தவும், பத்திரிகையாளரை அழைக்கவும் தெரிந்தவர்களின் குரலே குழுக்களில் ஒலிக்கும் என்பது உலகெங்கும் பொது. ஷாட்ஷ்னைடர் என்ற அமெரிக்க அறிஞர் 1960லேயே இதைக் கண்டித்து எழுதினார்: குழுக்களின் சங்கீதத்தில் கேட்பது மேல்தட்டின் சுருதி.

பளியர்களுக்கு எந்த மன்றம்? பட்டியல் சாதியில் வைக்கப்பட்டிருக்கும் தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரிவரும் மலைப் புலையர்களுக்கு எந்த வழக்கறிஞர்? கும்பக்கரைக்கு இறங்கும் பழைய நடைபாதையில், பல தலைமுறைகளாகச் சாலையில்லாமல் நோயாளியைத் தோளில் சுமந்துவந்த வெள்ளகவிக்காரர்கள் சாலை கேட்டபோது, காட்டை நேசிக்கும் நம்மில் எத்தனை பேர் அவர்கள் பக்கம் நின்று யோசித்தோம்? 2013இல் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நல்ல அறிவிப்புதான். ஆனால் காட்டை ஒட்டி வாழும் விவசாயிக்கு அது மேலிருந்து இறங்கிய ஆணையாகவே போய்ச்சேர்ந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த இடத்தைப் பற்றி அவனிடம் பேசப் போனவர்கள் மிகச் சிலர்.

இன்றைய இ-பாஸ் முறையும் இதே வழியில் வந்ததுதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகள் முன்பதிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வாரநாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. கட்டுப்பாடு தேவை என்பதே என் கருத்து. சுற்றுலாக் காலத்தில் அந்த மலைப்பாதையைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். எனினும், எத்தனை வண்டி என்பதை ஊர் பேசி முடிவு செய்யவில்லை, நீதிமன்றம் சொல்லியது. அதனால் நீலகிரியில் வணிகர்கள் கடையடைத்தார்கள். தாம் கேட்கப்படாத முடிவை எதிர்ப்பது மனித இயல்பு. அந்த எதிர்ப்பை அறுவடை செய்ய ஒரு கட்சி எப்போதும் தயாராக இருக்கும். இப்படித்தான் சூழல் என்ற சொல்லே கடைக்காரருக்கும் வாடகை வண்டி ஓட்டுநருக்கும் எதிரிச் சொல்லாகிறது.

5. மறுப்புகள்

“கட்சிக்குள் போனால் கரைந்துவிடுவோம், அங்கே தலைவர் வைத்ததே சட்டம்” என்பது முதல் மறுப்பு. பொய்யல்ல. ராபர்ட் மைக்கேல்ஸ் 1911இலேயே, எந்தக் கட்சியும் காலப்போக்கில் ஒரு சிறு கூட்டத்தின் பிடிக்குள் போய்விடும் என்று எழுதிவிட்டார். அவர் சொன்னது அமைப்புகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நம் இலக்கிய அமைப்புகளில் செயலாளர்கள் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், கட்சிகளைக் கண்டிக்கும் குரல் சற்றுத் தணியும்.

கட்சி மேலிருந்து மட்டும் இயங்குவது என்பதும் முழு உண்மையல்ல. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கினார், 1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் மாயத்தேவர் வென்றார், ஆளும் தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. ஏழு மாதத்தில் ஒரு கட்சி எங்கிருந்து முளைத்தது? ஊர்தோறும் இருந்த ரசிகர் மன்றங்கள் கிளைகளாக மாறின. திரைப்படம் பார்க்கக் கூடிய மன்றம் அரசியலைப் புரட்டியது, இந்த மலையின் அடிவாரத்தில். கூடிய நோக்கத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். மன்றத்திலிருந்து கிளைக்குப் போக அவர்கள் தயங்கவில்லை என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

“சூழல் போன்ற பிரச்சினையைக் கட்சிகள் ஒருநாளும் ஏற்காது” என்பது இரண்டாம் மறுப்பு. அண்டை மாநிலத்தைப் பார்க்கலாம். அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்ட 1970களில் கேரள மின்வாரியம் முனைந்தபோது அங்கே இரு அணிக் கட்சிகளும் அணையின் பக்கமே நின்றன. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசியது. சுகதகுமாரி முதலான கவிஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். பரிஷத்தில் இருந்த பலர் இடதுசாரிக் கட்சியினர்; அவர்கள் தம் கட்சிக்குள்ளேயே விவாதத்தை எழுப்பினார்கள். 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இறுதி முடிவு தில்லியில் எடுக்கப்பட்டது உண்மையே. ஆனால் அந்த முடிவைத் திருப்பிப் போட அதன்பிறகு எந்தக் கேரள அரசாலும் இயலவில்லை. மக்களிடம் வேரூன்றிய முடிவுக்கும் தீர்ப்பில் மட்டும் நிற்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

6. மயிலும் கண்ணகியும்

முதுகலை வகுப்பில் புறநானூறு நடத்துகிறவர்கள் இந்த மலையை வேறொரு பெயரில் அறிவோம். பொதினி என்ற பழனிமலைக்குத் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன். குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்தவன் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் வேறொரு வழக்கைப் பேசுகின்றன. பேகன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டுப் பிரிந்திருக்கிறான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் தனித்தனியே அவன் வாசலுக்குப் போய் அவளுக்காகப் பேசுகிறார்கள். எங்களுக்குப் பரிசில் வேண்டாம், நீ அவளிடம் திரும்பிச் செல்வதே பரிசில் என்பது அவர்கள் கோரிக்கை. தமிழில் பதிவான முதல் அழுத்தக் குழுக்களுள் ஒன்று இந்த மலையில்தான் இயங்கியது என்று துணிந்து சொல்லலாம்.

இதில் இரண்டு செய்திகள் உண்டு. மயிலுக்கு இரங்கியவனைக் கொண்டாடும் நாம், அவன் வீட்டு வாசலில் அழுதுநின்றவளை மறந்துவிட்டோம். இன்றும் சோலைக்கும் குறிஞ்சிக்கும் இரங்குகிற அளவுக்குப் பாதரசத் தொழிலாளிக்கும் பளியருக்கும் இரங்குவதில்லை. இன்னொன்று: அந்த நால்வரிடம் சொல் மட்டுமே இருந்தது. பேகன் திரும்பிச் சென்றானா என்பதைப் பாடல்கள் சொல்லவில்லை. அவனை மாற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை. நமக்கு இருக்கிறது. இருந்தும் நாம் இன்னும் அந்த வாசலில், இப்போது நீதிமன்றத்தின் வாசலில், புலவர்களாகவே நிற்கிறோம்.

மலையில் வாக்கு குறைவு என்று மேலே சொன்னேன். ஆனால் மலையை நம்பி வாழ்கிறவர்கள் மலையில் மட்டும் இல்லை. பேரிஜம் ஏரித் தண்ணீர் பெரியகுளத்தின் குடிநீர். வராக நதியும் மஞ்சளாறும் மருதாநதியும் பாலாறு பொருந்தலாறும் இந்தச் சரிவுகளில்தான் பிறக்கின்றன. பெரியகுளம், பழனி, நிலக்கோட்டை, ஆத்தூர் என்று அடிவாரத் தொகுதிகள் மலையைச் சுற்றி நிற்கின்றன. சோலை அழிந்தால் கோடையில் வறளப்போவது அவர்களுடைய கிணறு. மலையின் வாக்காளர்கள் சமவெளியில் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் அதைப் போய்ச் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடிய மொழி, எழுதுகிறவர்களான நம்மிடம் இருக்கிறது. சொல்லவேண்டிய இடம் மட்டும் நமக்குப் பிடிக்காத இடமாக இருக்கிறது: கிராம சபை, பகுதி சபை, கட்சிக் கிளை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டும் என்று 2022இல் விதி செய்யப்பட்டது. அதே ஆண்டு நகரங்களுக்குப் பகுதி சபை வந்தது. இவை கூட்டப்படும் நாள்களில் எத்தனை பேராசிரியர்கள், எத்தனை எழுத்தாளர்கள் போய் உட்காருகிறோம்? கூட்டப்படாத நாள்களில் ஏன் கூட்டவில்லை என்று எத்தனை பேர் கேட்கிறோம்? வாக்குக் கேட்டு வருகிற வேட்பாளரிடம் ‘எத்தனை தளம்? எத்தனை வண்டி? எத்தனை மில்லிகிராம்?’ என்ற மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுத்து எழுத்தில் பதில் வாங்க எந்தச் சட்டமும் தடையில்லை. பிடித்த கட்சி எதுவானாலும் சரி, அதில் உறுப்பினராகி ஒன்றியக் கூட்டத்தில் மலைநீரைப் பற்றிப் பேசத் தடையில்லை. அரசு ஊழியர்களுக்குத் தடை உண்டு. அவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது.

குறிஞ்சி மீண்டும் 2030இல் பூக்க வேண்டும். அதற்குள் உள்ளாட்சிக்கும் மக்களவைக்கும் தேர்தல்கள் வந்துவிடும். பூவைப் பார்க்கப் போவதற்கு முன் அந்தத் தேர்தல்களுக்குப் போவோம்.